கிராண்ட் என் பேரில் இருக்கிறது, இன்னும் எதை நிரூபிக்க வேண்டும்?

வாசகர் கடிதம்:

"ஐயா, வணக்கம். கோல லங்காட்டில் எங்களுக்கு அரை ஏக்கர் நிலமும் அதில் ஒரு பலகை வீடும் உண்டு. 1987இல் அப்பா 18,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கியது. 2015இல் அப்பா தவறிவிட்டார். 2017இல் நில அலுவலகத்தில் சொத்துப் பிரிவினை விசாரணை நடந்தது. அம்மாவும் தம்பியும் விட்டுக்கொடுத்ததால் நிலத்தின் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) என் பேருக்கு மாறியது. அன்றைக்குச் சித்தப்பாதான் எங்களைக் காரில் கூட்டிப் போனார், முடியும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். 2021இல் அவரும் போய்விட்டார். இந்த வருடம் நிலத்தை 480,000 வெள்ளிக்கு விற்க ஒப்பந்தம் போட்டேன். வாங்குபவரின் வங்கி லாயர் நிலப் பதிவேட்டில் சர்ச் எடுத்தபோதுதான் சித்தப்பா மகன் கேவியட் போட்டிருப்பது தெரிந்தது. நிலம் வாங்கும்போது அவன் அப்பா பாதிப் பணம் கொடுத்தாராம், அதனால் பாதி நிலம் அவனுக்காம். என் அப்பாவின் கையெழுத்தில் பழைய நோட்டில் 'தம்பி கொடுத்தது 6,500' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சண்டை வேண்டாமே என்று 'வித்ததும் சித்தப்பா கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துடறேன்' என்று பதில் போட்டுவிட்டேன். இப்போது அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. 'கோர்ட்டுக்கு வா, உன் நிலம்தான்னு நிரூபி' என்கிறான். திருச்சியில் இருக்கும் உறவினர், கேவியட் 90 நாளில் தானாகப் போய்விடும், சும்மா இரு என்கிறார். நான் என்ன செய்ய?"

பந்திங் வாசகி

அம்மா, திருச்சி உறவினரின் 90 நாளை முதலில் முடித்துவிடுவோம். அவர் பொய் சொல்லவில்லை, இந்தியச் சட்டத்தைச் சொல்கிறார். அங்கே கேவியட் என்பது சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின்கீழ், 'என்னைக் கேட்காமல் எதிராளிக்கு உத்தரவு கொடுத்துவிடாதீர்கள்' என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே போட்டு வைக்கும் மனு. அதற்கு 90 நாள்தான் ஆயுள். நம் தீபகற்ப மலேசியாவில் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் விழும் தனியார் கேவியட்டுக்குப் பெயர்தான் அதே, சங்கதி வேறு. இது நிலத்தின் பதிவேட்டிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். 328ஆம் பிரிவின்படி யாரும் எடுக்காவிட்டால் ஆறு வருடம் இருக்கும். அதுவரை உங்கள் பெயர் மாற்றமோ, வாங்குபவரின் வங்கி அடமானமோ பதிவாகாது. யூடியூபில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு இங்கே சும்மா இருந்து ஏமாந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். சும்மா இருக்காதீர்கள்.

அடுத்து, சித்தப்பா மகன் சொல்லும் அந்த 'நிரூபி'. அவர் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். கடிதத்தைப் பார்த்தால் நீங்களும் அப்படியே நம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. கேவியட்டை எடுக்கச் சொல்லிப் பதிவுபெற்ற உரிமையாளர் நீதிமன்றம் போனால், நிரூபிக்கும் பொறுப்பு கேவியட் போட்டவர் தலையில்தான். 'இதை ஏன் இன்னும் வைத்திருக்க வேண்டும்' என்பதற்கு அவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

இது நேற்று வந்த தீர்ப்பு அல்ல. நம் மேல்முறையீடுகள் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்க்கொண்டிருந்த காலம் அது. 1979இல் எங் மீ யோங் எதிர் லெட்சுமணன் வழக்கில் டிப்லொக் பிரபு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கேவியட் என்பது வழக்கு முடியும்வரை நிலத்தை விற்காமல் நிறுத்தி வைக்கும் தற்காலிகத் தடையுத்தரவு மாதிரி. சாதாரணத் தடையுத்தரவு கேட்பவர் முதலில் நீதிபதியை நம்பவைக்க வேண்டும். கேவியட்டிலோ நிலப் பதிவாளர் படிவம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பதிந்துவிடுவார், உள்ளே இருக்கும் கோரிக்கை உண்மையா என்று விசாரிப்பது அவர் வேலை இல்லை. ஆகவே முதலில் செய்திருக்க வேண்டிய நிரூபணத்தை, நீங்கள் எதிர்க்கும் நாளில் கேவியட் போட்டவர் செய்தாக வேண்டும்.

1995இல் லக்கேஜ் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக இருந்த கோபால் ஸ்ரீராம் அதை மூன்று படிகளாகப் பிரித்தார். இன்றும் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் அந்த வரிசையில்தான் வாதாடுகிறோம். கேவியட் போட்டவர் படிவத்தில் எழுதியிருப்பதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், அது கேவியட் போடத் தகுந்த உரிமையா? ஆம் என்றால், இரு தரப்பும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலங்களான அபிடவிட்டுகளைப் பார்க்கும்போது விசாரித்துத் தீர்க்க வேண்டிய உண்மையான பிரச்சினை இருக்கிறதா? அதுவும் இருந்தால், வழக்கு முடியும்வரை நிலம் இப்படியே கிடப்பதா, விடுவிப்பதா, எதில் அநியாயம் குறைவு? முதல் படியில் சறுக்கினால் அடுத்த இரண்டுக்கும் போக வேண்டியதே இல்லை.

அதனால், யாரிடமும் பேசுவதற்கு முன்னால் நில அலுவலகத்தில் அவர் கொடுத்த 19பி படிவத்துக்கும், அதோடு வைத்த சத்தியப் பிரமாணத்துக்கும் சான்றளித்த நகல் வாங்குங்கள். வங்கி லாயர் எடுத்த சர்ச்சில் கேவியட் இருப்பது மட்டும்தான் தெரியும். எதை வைத்துப் போட்டார் என்பது அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. அவர் வாயால் சொல்வது ஒன்றாகவும் படிவத்தில் எழுதியது வேறாகவும் இருப்பது சர்வ சாதாரணம். 'எங்கள் அப்பா கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவில்லை' என்று எழுதியிருந்தால், உங்களுக்கு நல்ல காலம். வெறும் கடனுக்கு நிலத்தில் கேவியட் போட முடியாது. 323ஆம் பிரிவு கேட்பது நிலத்தின் உரிமை, பதிவு செய்யத்தக்க நில நலன், அல்லது டிரஸ்ட் (ஒருவர் பேரில் இருந்தாலும் இன்னொருவருக்காக வைத்திருப்பது) வழியாக அந்த நிலத்தில் கிடைக்கும் பங்கு. கடன் கொடுத்தவர் கடனாளிமேல் வழக்குப் போடலாம், அவருடைய நிலத்தைப் பூட்ட முடியாது.

ஆனால் நான் உங்களுக்குச் சர்க்கரை தடவிச் சொல்லப் போவதில்லை. 'நிலம் வாங்கும்போது என் அப்பாவும் பணம் போட்டார், பெரியப்பா பேரில் பதிந்தாலும் அந்தப் பங்கை அவர் என் அப்பாவுக்காகத்தான் வைத்திருந்தார்' என்று எழுதியிருந்தால், அது டிரஸ்ட் கோரிக்கை. முதல் படியைத் தாண்டிவிடும். அப்போது 'கிராண்ட் என் பேரில் இருக்கிறது' என்ற உங்கள் பதில் பாதிதான் பலிக்கும். கிராண்டில் உங்கள் பெயர் இருப்பதை யாரும் மறுக்கவில்லையே! அந்தப் பெயர் யாருக்காக இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. நீங்களும் காசு கொடுத்து வாங்கியவர் அல்ல, அப்பாவின் சொத்து வழியாக வந்தவர். அப்பாமேல் ஒட்டியிருந்த பொறுப்பு உங்கள்மேலும் ஒட்டும் என்று அவருடைய லாயர் கட்டாயம் வாதாடுவார்.

அந்த நேரத்தில்தான் நோட்டுப் புத்தக வரி முக்கியமாகிறது. 'தம்பி கொடுத்தது 6,500.' எதற்குக் கொடுத்தது? கைமாற்றா, அன்பளிப்பா, நிலத்தில் பங்கா? அந்த மூன்று சொல்லில் எதையும் அது சொல்லவில்லை. கேவியட் போட்டவரின் அபிடவிட்டில் உள்ளதையெல்லாம் கேள்வி கேட்காமல் நீதிபதி விழுங்க வேண்டியதில்லை என்றும் 1979 தீர்ப்பு சொல்கிறது. மழுப்பலாக இருப்பதை, அந்தக் காலத்து ஆவணங்களோடு ஒத்துப்போகாததை, இயல்பிலேயே நம்ப முடியாததை அவர் தள்ளிவிடலாம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 18,000இல் 6,500 என்பது பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அவர் கேட்பது பாதி. அவருடைய ஒரே ஆதாரமே அவர் கேட்பதோடு ஒத்துப்போகவில்லை. இதை உங்கள் லாயர் அபிடவிட்டில் ஒரு பத்தியாக எழுதட்டும், நீட்டி முழக்க வேண்டாம்.

நீங்கள் பயப்படும் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி. அனுப்பாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதில் ஒரு சொல் உங்கள் பக்கம் நிற்கிறது: 'திருப்பி'. பங்கைத் திருப்பிக் கொடுப்பது என்று யாரும் சொல்வதில்லை, பங்கைப் பிரித்துக் கொடுப்போம். கடனைத்தான் திருப்பிக் கொடுப்போம். நீங்கள் அதைக் கடனாக மட்டுமே நினைத்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. கடன் என்று ஆனால் கேவியட் நிற்காது, பணம் கேட்டு வழக்குப் போடவும் காலவரம்பு சட்டத்தின் ஆறு வருடம் என்றோ கடந்துவிட்டது என்று வாதாடலாம். தமிழில் எழுதிய செய்தி என்பதால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் சான்றோடு இணைக்க வேண்டும், அந்தச் சொல் சரியாகப் பெயர்க்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். இனி அவருக்கு ஒரு வரியும் எழுதாதீர்கள், தீபாவளி வாழ்த்தைத் தவிர.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை முழுக் கடிதத்திலும் அதுதான் கனமான வரி. 2017 விசாரணையன்று சித்தப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார் என்கிறீர்கள். சிறு சொத்துப் பிரிவினை விசாரணையில் நில நிர்வாகி வாரிசுகளை மட்டும் கேட்பதில்லை. இறந்தவருக்கு யாருக்காவது கடன் உண்டா, இந்தச் சொத்தில் வேறு யாருக்காவது உரிமை உண்டா என்பதும் அங்கே எழ வேண்டிய கேள்விகள்தான். வந்தவர்கள் பெயரும் சொன்னதும் குறிப்பாகும். கடைசியில் இ படிவத்தில் பிரிவினை உத்தரவு வரும். அந்தக் கோப்பில் சித்தப்பாவின் பெயரும் கையெழுத்தும் இருந்து, உரிமை எதுவும் கோரியதாகக் குறிப்பு இல்லாவிட்டால், நோட்டுப் புத்தக வரிக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. பணம் கொடுத்ததாகச் சொல்லப்படும் மனிதரே நேரில் இருந்தார், முழு நிலமும் அண்ணன் மகள் பேருக்குப் போவதைப் பார்த்தார், அதற்குப் பிறகு நான்கு வருடம் உயிரோடும் இருந்தார், வாய் திறக்கவில்லை. பெயர் குறிப்பில் இல்லாவிட்டாலும் அம்மாவும் தம்பியும் அன்று நடந்ததை அபிடவிட்டாகச் சொல்லலாம், ஆனால் அரசாங்கக் கோப்பின் பலம் அதற்கு வராது. அந்தக் கோப்பைத் தேடி எடுக்க நாளாகும். இன்றே விண்ணப்பியுங்கள்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. பங்கு இருந்தால் அது சித்தப்பாவின் சொத்து. அவர் இறந்த பிறகு அதைக் கேட்க வேண்டியவர் அவர் சொத்தின் நிர்வாகி. மகன் நிர்வாகப் பத்திரம் வாங்கினாரா? வேறு பிள்ளைகள், சித்தி இருக்கிறார்களா? தன் பேரில் மட்டும் கேவியட் போட்டிருந்தால், எந்தத் தகுதியில் போட்டார் என்று உங்கள் லாயர் கேட்டே ஆக வேண்டும். இது மட்டுமே வழக்கை முடித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், நீதிமன்றங்கள் இதில் எப்போதும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

சரி, எந்த வழியில் போவது? இரண்டு உண்டு. நீங்கள் பதிவுபெற்ற உரிமையாளர் என்பதால், 326ஆம் பிரிவின்படி 19எச் படிவம் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே பதிவாளரிடம் கேட்கலாம். பதிவாளர் அவருக்கு இரண்டு மாத நோட்டீஸ் அனுப்புவார். அதற்குள் அவர் உயர் நீதிமன்றத்தில் நீட்டிப்பு உத்தரவு வாங்கிவராவிட்டால் கேவியட் போய்விடும். இதில் ஒரு சுகம்: லாயரைப் பிடிக்க வேண்டியது அவர், செலவழிக்க வேண்டியது அவர். அவர் கோர்ட்டுக்குப் போனாலும் அதே மூன்று படிகளையும் அவர்தான் ஏற வேண்டும். வாட்ஸ்அப்பில் வீரம் பேசுகிற பலர் இந்த நோட்டீஸைக் கண்டதும் அடங்கிப்போவார்கள்.

மற்றது 327ஆம் பிரிவு. கேவியட்டால் பாதிக்கப்பட்ட எவரும் எப்போது வேண்டுமானாலும் நேரே உயர் நீதிமன்றம் போகலாம். ஒரிஜினேட்டிங் சம்மன்ஸ் என்ற வழக்கு மனுவும் அபிடவிட்டும்தான், சாட்சிக் கூண்டில் யாரும் ஏறிக் கதறுவது வழக்கமாக இருக்காது. செலவு உங்களுடையது. உங்கள் விஷயத்தில் எது என்று கேட்டால், விற்பனை ஒப்பந்தத்தின் கெடுவைப் பார்த்துத்தான் சொல்வேன். நம் ஊர் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்று மாதம், வட்டியோடு இன்னும் ஒரு மாதம் என்று இருக்கும். இரண்டு மாத நோட்டீஸுக்கு இடமிருந்தால் 326. இல்லையென்றால் 327, அதையும் அவசர மனுவாக. வாங்குபவரையே மனுப் போடச் சொல்லலாமா என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் இன்னும் உரிமையாளர் ஆகவில்லை, தானும் பாதிக்கப்பட்டவர்தான் என்று அவர் முதலில் காட்ட வேண்டிவரும். கிராண்டில் பெயருள்ள நீங்கள் கேட்கும்போது இருக்கும் பலம் அதில் இருக்காது.

எந்த வழியில் கேவியட் நீக்கப்பட்டாலும், அதே கோரிக்கையை வைத்து அவர் மறுபடி ஒன்று போட வந்தால் பதிவாளர் ஏற்கக்கூடாது என்று 329ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவில் நஷ்டஈடும் உண்டு. தகுந்த காரணம் இல்லாமல் கேவியட் போட்டு நஷ்டப்படுத்தியவர் ஈடு கட்ட வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள், நஷ்டஈடு கேட்கும்போது நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். வாங்குபவர் விலகினால் அவர் கடிதம், தாமத வட்டி, வங்கிக் கடன் ரத்தான அறிவிப்பு, எல்லாவற்றையும் தேதியோடு ஒரு பைலில் போட்டு வையுங்கள். வாங்குபவரிடமிருந்து இதை மறைக்கவும் வேண்டாம், சர்ச் எடுத்ததே அவர் பக்கம்தானே.

மூன்றாவது படியை, அதாவது எதில் அநியாயம் குறைவு என்பதை, பலர் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். உங்களுக்கு அங்கே ஒரு நல்ல சீட்டு இருக்கிறது. அவர் பாதி நிலம் என்றாலும், கேட்பது அந்த மண்ணில் குடியிருக்கும் உரிமை அல்ல, அதன் பண மதிப்பில் பங்கு. 'நிலம் விற்றதும், தகராறில் உள்ள தொகையை என் லாயரின் கணக்கில் இரு தரப்புக்கும் பொதுவாக வைத்திருக்கச் சம்மதம், அவர் வழக்குப் போட்டு ஜெயித்தால் எடுத்துக்கொள்ளட்டும்' என்று அபிடவிட்டில் நீங்களே முன்வந்து எழுதலாம். அப்படி எழுதினால், கேவியட் போனால் அவருக்கு எல்லாமே போய்விடும் என்ற வாதம் கரைந்துவிடும். எவ்வளவு தொகை என்பது லாயரோடு கலந்து பேச வேண்டியது. அவர் கோரும் பாதி, நோட்டின்படி 36 சதவீதம், அல்லது 6,500 வெள்ளி, இந்த மூன்றுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அவர் இன்னும் உரிமை கோரி வழக்கே போடவில்லை என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நிலத்தைப் பூட்டிவிட்டு வழக்கும் போடாமல் காலாட்டிக்கொண்டிருப்பதை நீதிபதிகள் ரசிப்பதில்லை.

இந்த மாதிரி வழக்குகளில் என் மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்திலிருந்து நம் ஆட்கள் நிலம் வாங்கிய விதமே இதுதான். ஒருவர் பேரில் கிராண்ட், நாலு பேர் பணம், பிஸ்கட் டின்னில் ரசீது, எழுத்தில் ஒன்றும் இருக்காது. அதனால் உங்கள் சித்தப்பா மகன் பொய்யர் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட நான் தயாராக இல்லை. அவர் தன் அப்பா வாயால் ஏதோ கேட்டு வளர்ந்திருக்கலாம். கேட்டு வளர்ந்தது வேறு, நீதிமன்றத்தில் நிற்பது வேறு.

கடைசியாக அந்த நோட்டு. உங்கள் அப்பாவின் கணக்கு நோட்டு சித்தப்பா வீட்டுக்கு எப்படிப் போனது? அவர் அனுப்பிய படத்தை மறுபடி திறந்து பாருங்கள், முழுப் பக்கம் தெரிகிறதா, ஒரு வரி மட்டும் வெட்டி எடுத்த படமா? 1987இலிருந்து கணக்கு எழுதிய மனிதர் தம்பியிடம் வாங்கியதை எழுதியிருந்தால், தம்பிக்குக் கொடுத்ததையும் எழுதியிருக்கக் கூடும், அதே பக்கத்திலேயே, அல்லது இரண்டு பக்கம் தள்ளி. உங்கள் லாயர் ஒரு கடிதம் போட்டு, அசல் நோட்டை முழுதாக அவர்கள் லாயர் அலுவலகத்தில் வைத்துப் பார்க்கக் கேட்கட்டும். காட்டினால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால், கேட்ட கடிதத்தையும் மறுத்த பதிலையும் அபிடவிட்டோடு இணைத்துவிடுங்கள்.